காளிகாட் படமும் காசிச் செம்பும்

காளிகாட் என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது காளிதேவியின் திருக்கோயிலே. சதிதேவியின் திருமேனி பல கூறுகளாகி வீழ்ந்தபோது வலக்கால் விரல்கள் வீழ்ந்த இடம் இது என்பது புராண மரபு. இன்று நாம் தரிசிக்கும் கோயில் சாவர்ண ராய் சௌதுரி குடும்பத்தாரின் ஆதரவில் 1809ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அருகில் ஓடும் ஆதி கங்கை, ஒரு காலத்தில் படகுகள் நிறைந்த பேராறு. இப்போது ஒடுங்கிய கால்வாய். ஆனால் கொல்கத்தாவில் வாழும் தமிழராகிய நமக்குக் காளிகாட் இன்னொரு வகையிலும் வேண்டிய இடமாகும். கோயிலிலிருந்து சற்றுத் தூரம் நடந்தால் லேக் மார்க்கெட் வந்துவிடும். வாழையிலையும் கறிவேப்பிலையும் தொடுத்த மல்லிகையும் வாங்குவதற்கென்று மூன்று நான்கு தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் கூடும் இடம் அது. அம்மனைத் தொழுதுவிட்டுக் காய்கறிப் பையுடன் வீடு திரும்பும் நம்மவர் பலர், அக்கோயிற் சந்துகளில் தோன்றி, உலகப் புகழ் பெற்று, அச்சந்துகளிலேயே அழிந்துபோன ஒரு கலையைப் பற்றி அதிகம் கேள்விப்பட்டிருக்கமாட்டார்கள். அக்கலையின் வரலாறு, வீட்டுப் பழம்பொருள்களைப் பற்றிய ஒரு கேள்வியை நம்முன் வைக்கிறது. ஒரு வீட்டில் எது தங்குகிறது, எது போய்விடுகிறது என்பதே அக்கேள்வி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்க காலத்தில், மேதினிபூர், இருபத்துநான்கு பர்கனா முதலிய பகுதிகளிலிருந்து 'பட்டுவா' எனப்படும் ஓவியர் குடும்பங்கள் காளிகாட்டுக்கு வந்து குடியேறத் தொடங்கின. ஊரூராகச் சென்று, நீண்ட படச்சுருளை மெல்ல மெல்ல விரித்து, ஒவ்வொரு கட்டமாக விரலால் சுட்டிக் கதையைப் பாட்டாகச் சொல்வது அவர்களின் குலத்தொழில். கோயில் வாயிலில் கூடும் யாத்திரிகருக்கோ நின்று கதை கேட்க நேரமில்லை. தரிசனம் முடிந்ததும் ஊர் திரும்பவேண்டும். திரும்பும்போது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கு ஏதேனும் ஒன்றைக் கையில் கொண்டுபோகவேண்டும். இதை உணர்ந்த பட்டுவாக்கள் சுருளை விட்டுத் தனித்தனித் தாள்களில் ஒற்றைப் படங்களாக எழுதி விற்கலாயினர். ஆலையில் செய்த மலிவான காகிதம். ஏறக்குறைய 17 அங்குல நீளம், 11 அங்குல அகலம். விலை ஒரு பைசா, அதிகம் போனால் ஓரிரண்டு அணா. காளிகாட் படம் பிறந்த கதை இதுதான்.

அவை எழுதப்பட்ட முறை வியப்புக்குரியது. ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வேலையில் ஈடுபட்டிருக்கும். ஒருவர் உருவத்தின் கோட்டை இழுப்பார். இன்னொருவர் மேனிக்கு வண்ணம் இடுவார். மற்றொருவர் ஓரங்களில் நிழல் தீட்டி உருண்டு திரண்ட வடிவத்தைக் கொண்டுவருவார். கடைசியில் தகரத்திலிருந்து செய்த வெள்ளி நிறக் கலவையால் நகைகள் பளிச்சிடும். பின்னணியில் மலையில்லை, மரமில்லை, மாளிகையில்லை, வெற்றுத் தாள்தான். விரைந்து எழுதி விரைந்து விற்கவேண்டிய கட்டாயம் அந்தக் கோட்டுக்கு ஒரு துணிவைக் கொடுத்தது. தோளிலிருந்து இடைவரை, இடையிலிருந்து முழங்கால்வரை, தூரிகையை எடுக்காமல் ஒரே இழுப்பில் ஓடும் கோடு அது. அந்த நிழல் தீட்டும் முறை ஆங்கிலேயரின் நீர்வண்ண ஓவியத்தைப் பார்த்துக் கற்றது என்பார் சிலர். மண்ணில் பொம்மையும் விக்கிரகமும் பிடித்துப் பழகிய கை தானே கண்டுகொண்டது என்பார் வேறு சிலர். இருபதாம் நூற்றாண்டில் டபிள்யூ. ஜி. ஆர்ச்சர் முதற்கருத்தையும், வங்கத்து அறிஞர் அஜித் கோஷ் இரண்டாவது கருத்தையும் வலியுறுத்தினர். உருண்ட கன்னமும் திரண்ட தோளும் கொண்ட அவ்வுருவங்களை நோக்குங்கால், மண் பிசைந்த கையின் பழக்கமே அவற்றில் மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது.

படங்களின் பொருள் என்ன? காளி, துர்க்கை, ஜகந்நாதர், சீதாராமர், அனுமன் ஆகியோர் முதலில் வருவர். மடியில் கண்ணனை வைத்திருக்கும் யசோதை, குழந்தைக் கணேசனை ஏந்திய பார்வதி ஆகிய படங்களுக்கு வீடுகளில் தனி வரவேற்பு இருந்திருக்கவேண்டும். அத்தனை வகை அவற்றில் உண்டு. தெய்வங்களோடு மனிதரும் வந்து சேர்ந்தனர். தலைவாரி, கரை வேட்டி கட்டி, கையில் ஹுக்காவுடன் நாற்காலியில் சாய்ந்திருக்கும் புதுப்பணக்கார 'பாபு'. கணவனைத் துடைப்பத்தால் அடிக்கும் மனைவி. நெற்றியில் நாமமும் கழுத்தில் மணிமாலையும் தரித்து வாயில் இறாலைக் கவ்விநிற்கும் பூனை. போலித் துறவியைக் கேலி செய்யும் அந்தப் பூனைப் படத்தைக் கண்டு சிரிக்காத குழந்தை இருந்திராது. நம் நாட்டிலும் ருத்திராட்சப் பூனை உண்டல்லவா? மாமல்லபுரத்துச் சிற்பத்தில் நின்று தவம் செய்யும் பூனைக்கு இது வங்கத்துத் தம்பி எனலாம்.

ஊரை உலுக்கிய செய்திகளும் படமாயின. 1873ஆம் ஆண்டில் தாரகேசுவரம் கோயிலின் மகந்த் ஒருவருக்கும் ஏலோகேசி என்ற இளம்பெண்ணுக்கும் இருந்த தொடர்பை அறிந்த கணவன் நவீன், மனைவியை மீன் அரியும் 'பொண்டி'யால் வெட்டிக் கொன்றான். பொண்டி என்பது வேறொன்றுமன்று, நம் வீட்டு அரிவாள்மணைதான். மகந்துக்கு மூன்றாண்டுச் சிறை. கணவனுக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டு, பொதுமக்களின் வேண்டுகோளால் சில ஆண்டுகளில் விடுதலை. அந்தக் கொலை, வழக்கு, சிறையில் மகந்த் வேலை செய்வது எல்லாவற்றையும் காளிகாட் ஓவியர் வரிசையாக எழுதித் தள்ளினர். சாமி படமும் கொலைப் படமும் ஒரே கடையில், ஒரே விலையில் விற்றன.

சரி, இலட்சக்கணக்கான யாத்திரிகர் வாங்கிச்சென்ற அப்படங்கள் எங்கே? வங்கத்து வீடுகளில் தேடினால் அருமையாகத்தான் கிடைக்கும். வாங்கியவர் அதைச் சுவரில் ஒட்டினார். அடுப்புப் புகை படிந்தது; ஆடி ஆவணி மழையின் ஈரம் ஏறியது; கரையானும் பூச்சியும் தம் பங்கை எடுத்துக்கொண்டன. அடுத்த முறை கோயிலுக்குப் போகும்போது புதுப்படம் வாங்கிக்கொள்ளலாம், ஒரு பைசாதானே! இப்படி எண்ணியதில் யார்மீதும் குற்றமில்லை. எளிதில் கிடைப்பதைக் காப்பாற்றவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

அடுத்த முறை புதுப்படம் கிடைக்காத காலம் ஒன்று வரும் என்று அவர்கள் அறிந்திலர். 1878இல் அன்னதா பிரசாத் பாக்சி முதலானோர் கல்கத்தா ஆர்ட் ஸ்டூடியோவைத் தொடங்கிக் கல்லச்சுப் படங்களை வெளியிட்டனர். 1894இல் பம்பாயில் ரவி வர்மாவின் அச்சகம் எழுந்தது. ஜெர்மனியில் அச்சிட்ட பளபளப்பான வண்ணப் படங்களும் கப்பலேறி வந்தன. கையால் எழுதிய படம், அச்சுப் படத்தோடு விலையில் போட்டியிட முடியவில்லை. பட்டுவாக்களின் பிள்ளைகள் வேறு தொழில் தேடிச் சென்றனர். நிவாரண் சந்திர கோஷ், காளிசரண் கோஷ் என்ற முதியவர் இருவரை இக்கலையின் கடைசி ஓவியர்கள் என்று கூறுவர். 1930ஆம் ஆண்டை ஒட்டி அவர்களோடு காளிகாட்டுக் கடைத்தெருவில் இக்கலை முடிவுற்றது.

ஆயினும் ஒரு குடும்பத்தில் அப்படங்கள் பத்திரமாக இருந்தன. அது வங்காளிக் குடும்பமன்று, இந்தியக் குடும்பமுமன்று.

ஜான் லாக்வுட் கிப்ளிங் என்ற ஆங்கிலக் கலையாசிரியர் 1865ஆம் ஆண்டில் பம்பாய் வந்து, ஜே. ஜே. கலைப்பள்ளியில் பணியேற்றார். அவ்வாண்டின் இறுதியில் அவருக்கு அங்கே பிறந்த மகனே, பிற்காலத்தில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற ரட்யார்டு கிப்ளிங். 1875இல் தந்தை லாகூருக்கு மாறி, அங்கே கலைப்பள்ளியின் தலைவராகவும் பொருட்காட்சிசாலையின் காப்பாளராகவும் இருந்தார். 'கிம்' என்ற நாவலின் தொடக்கத்தில் வரும் அதிசய வீட்டுக் காப்பாளர் அவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவரே. கைவினைஞர் மீதும் அவர்தம் வேலைப்பாட்டின் மீதும் லாக்வுட் கிப்ளிங் உண்மையான மதிப்பு வைத்திருந்தார். கற்றோர் பொருட்படுத்தாத காளிகாட் படங்களை அவர் விலைகொடுத்து வாங்கிச் சேர்த்தார். 1911இல் அவர் மறைந்தார். 1917ஆம் ஆண்டில் மகன் ரட்யார்டு, தந்தை சேர்த்த 233 படங்களை லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் பொருட்காட்சிசாலைக்கு அன்பளிப்பாக அளித்தார். அங்கே இன்று 645 காளிகாட் படங்கள் உள்ளன. உலகிலேயே பெரிய தொகுப்பு அதுதான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே வீட்டிலிருந்து வந்தது.

ரட்யார்டு கிப்ளிங்கின் அரசியல் நமக்கு உடன்பாடானதன்று. ஏகாதிபத்தியத்தைப் பாடியவர் அவர். கல்கத்தா நகரத்தையும் கடுமையாக ஏசி எழுதியவர். அதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அவருடைய பிள்ளைப்பருவ வரலாற்றில், சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நம்போன்றோர் காது கொடுத்துக் கேட்கவேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. பம்பாயில் ஆயாவும் வேலையாளுமே அவரை வளர்த்தனர். அவர்கள் சொன்ன கதை, பாடிய பாட்டு எல்லாம் இந்நாட்டு மொழியிலேயே. எண்ணுவதும் கனவு காண்பதும் அம்மொழியில்தான். மாலையில் பெற்றோரிடம் அனுப்பும்போது, இனி ஆங்கிலத்தில் பேசு என்று நினைவூட்டி அனுப்பவேண்டியிருந்ததாம். 1871இல், ஆறு வயது நிரம்பாத நிலையில், தங்கையுடன் அவர் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, முன்பின் அறியாத ஒரு வீட்டில் ஐந்தாண்டுகளுக்கு மேல் துன்புற்று வளர்ந்தார். 1882இல், பதினாறு வயதில், மீண்டும் பம்பாயில் வந்து இறங்கியபோது, தெருவின் காட்சியும் வாசனையும் தாக்க, பழைய மொழியின் சொற்றொடர்கள் தாமாகவே வாயிலிருந்து புறப்பட்டன. அவற்றின் பொருள்தான் அவருக்கு விளங்கவில்லை. 1937இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே இதைக் கூறியிருக்கிறார்.

பொருள் மறந்த பின்னும் சொல் நாவில் இருந்தது. அதைத் தட்டி எழுப்பக் கண்ணுக்கும் மூக்கிற்கும் ஏதோ ஒன்று தேவைப்பட்டது.

இந்த இடத்தில் நம் வீடுகளுக்குள் சற்று நுழைந்து பார்ப்போம். சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் பெட்டி படுக்கையுடன் வந்து இறங்கிய நம் முன்னோர், எதை எதைக் கொண்டுவந்தனர்? குத்துவிளக்கு, கல்சட்டி, முறுக்கு நாழி, பல்லாங்குழி, வசதியுள்ளோர் வீட்டில் தஞ்சாவூர்ப் படம் ஒன்று. அநேகமாக எல்லா வீட்டிலும் காசிச் செம்பு ஒன்று இருக்கும். கங்கை நீரை நிரப்பி, வாயை ஈயத்தால் அடைத்த அச்சிறு செம்பும் காளிகாட் படத்தைப் போலவே யாத்திரிகர் வாங்கிவரும் பொருள்தான். விலையும் பெரிதன்று. ஆயினும் படம் போயிற்று, செம்பு இருக்கிறது. ஏன்? செம்பு உலோகம், படம் காகிதம் என்பது ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. செம்புக்கு வீட்டில் ஒரு கடமை காத்திருக்கிறது. பெரியவர் ஒருவரின் இறுதி வேளையில் அதைத் திறந்து நாவில் நீர் விடவேண்டும். அதுவரை அதை யாரும் தூக்கி எறியமாட்டார்கள். கங்கைக் கரையிலேயே குடியிருந்துகொண்டு, பாட்டனார் காசியிலிருந்து ஊருக்குக் கொண்டுபோன கங்கை நீரை மறுபடியும் ரயிலேற்றி வங்கத்துக்குக் கொண்டுவந்து வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அவர்களுக்கு அது வெறும் நீரன்று, பாட்டனாரின் யாத்திரை.

நம் பாத்திரங்களில் இன்னொரு சிறப்பும் உண்டு. சீராகக் கொடுக்கும் அண்டா, குடம், தவலை ஆகியவற்றில் பெயர் வெட்டிக் கொடுப்பது நம் வழக்கம். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்தி எழுதிய எழுத்து. கொடுத்தவர் பெயரோ பெற்றவர் பெயரோ, சிலவற்றில் ஊரும் தேதியுங்கூட இருக்கும். கோயிற் கல்வெட்டைப் படித்து அரசர் வரலாற்றை எழுதுகிறோம். வீட்டுத் தவலையைப் படித்துக் கொள்ளுப்பாட்டியின் வரலாற்றை எழுத எவரும் முனைவதில்லை. லேக் மார்க்கெட்டுக்கு அருகில் நாமறிந்த ஒரு வீட்டில் அப்படியொரு பித்தளைத் தவலை இருக்கிறது. அவ்வீட்டுச் சிறுமிக்குத் தெருவில் வங்காளம், பள்ளியில் ஆங்கிலம். தமிழ் பேசுவாள், எழுதப் படிக்க அறியாள். ஒரு நாள் தவலையின் கழுத்தைத் தடவிக்கொண்டே, இது என்ன கோலம் என்று பாட்டியைக் கேட்டாள். அது கோலமில்லையடி, என் மாமியார் பெயர் என்றார் பாட்டி. அந்தப் பெயரின் ஐந்தெழுத்தே அவள் முதலில் படித்த தமிழ். இப்போது அவள் கடைப்பலகைகளில் அந்த ஐந்தெழுத்தைத் தேடுகிறாள். லேக் மார்க்கெட்டில் ஒன்றிரண்டு கிடைக்கின்றனவாம். வீடு மாறும்போது இடத்தை அடைக்கிறதென்று எடைக்குப் போடப்படுகின்ற தவலைகளோ அநேகம். பழைய பித்தளையைக் கிலோக் கணக்கில் வாங்குபவருக்கு வெட்டிய பெயரால் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

காளிகாட் படங்களில் ஓவியர் பெயர் இராது. ஓரிரு பெயர்கள் நமக்குத் தெரிவது, பின்னாளில் சிலர் விசாரித்துக் குறித்துவைத்ததால்தான். அப்பணியில் வங்காளிகளும் பின்தங்கிவிடவில்லை என்பதைச் சொல்லவேண்டும். கலை அழியும் தறுவாயில் அவர்கள் விழித்துக்கொண்டனர். அஜித் கோஷ் 1926இல் 'ரூபம்' என்ற கலை இதழில் பழைய வங்க ஓவியங்களைப் பற்றி எழுதினார். ஓவியர் முகுல் தே காளிகாட்டுச் சந்துகளில் அலைந்து படங்களைச் சேர்த்து, 1932இல் அவற்றைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். அரசுப் பணியில் இருந்த குருசதய் தத், மாவட்டம் மாவட்டமாகச் சென்றபோதெல்லாம் படச்சுருளும் பொம்மையும் கந்தைத்துணிப் பூவேலையும் சேகரித்தார். அவர் 1941இல் மறைந்த பின்னர், அவர் பெயரால் கொல்கத்தாவின் தென்கோடியில் ஒரு பொருட்காட்சிசாலை அமைந்தது. பாங்குராவில் பிறந்த ஜாமினி ராய், மேனாட்டு முறையில் எண்ணெய் ஓவியம் பயின்று பெயர் பெற்றிருந்தவர், அதை விட்டுக் காளிகாட் கோட்டின் பக்கம் திரும்பித் தமக்கென ஒரு நடையை உருவாக்கிக்கொண்டார். பைசாவுக்கு விற்ற படத்தின் கோடு, இந்தியாவின் புதிய ஓவியத்தில் இவ்வாறு இடம்பெற்றது.

குலத்தொழிலாகிய படச்சுருள் முற்றும் மறையவில்லை. மேற்கு மேதினிபூரில் பிங்களாவுக்கு அருகிலுள்ள நயா கிராமத்தில் சித்திரகார் குடும்பங்கள் இன்றும் படம் எழுதிப் பாடுகின்றன. அவர்களிற் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாடுவதோ மானசா தேவியின் கதையும் இராமாயணமும். காளிகாட் நடையையும் இன்று சிலர் மீண்டும் கையாளுகின்றனர். அவர்களுள் கலாம் பட்டுவா என்பவர் அஞ்சல்துறையில் பணிபுரிந்துகொண்டே அந்நடையைப் பயின்று, நம் கால வாழ்க்கையைப் படமாக எழுதியவர்.

2011ஆம் ஆண்டில் லண்டனிலுள்ள காளிகாட் படங்களில் ஒரு பகுதி கொல்கத்தாவுக்கு வந்தது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அவை காட்சிக்கு வைக்கப்பட்டன. அம்மண்டபத்துக்கு அருகில் ரவீந்திர சதன் நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், மூன்றாவது நிறுத்தம் காளிகாட். நூறாண்டுக்கு மேல் கடல் கடந்திருந்த படங்கள், பிறந்த சந்துக்கு அவ்வளவு அருகில் சில வாரங்கள் தங்கின. பிறகு அவற்றைப் பெட்டிகளில் அடுக்கி மும்பைக்குக் கொண்டுசென்றனர்.